மஃப்டியில் ஆறு தேர்வுகள்

பிப்ரவரி 27

இந்த டைரி பாங்கில் இலவசமாகக் கொடுத்தது. என் வீட்டுக்காரர் லாரன்ஸ் இரண்டு மாதமாக இதற்குள் பால் அட்டையைச் செருகி வைத்திருந்தார். இன்று சாயங்காலம் என் முன்னால் தூக்கிப் போட்டு, "பவுலினு, இனிமே டூட்டில நடக்கறதெல்லாம் இதுகிட்ட கத்து. எனக்குக் காது ரெண்டும் தேஞ்சு போச்சு" என்றார். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டித் தேயாத காது என் சத்தத்தில் தேய்ந்துவிட்டதாம். சரி, எழுதுகிறேன்.

கத்துவதற்கு விஷயம் இருக்கிறது. ஸ்டேஷன், ஆயுதப்படை என்று போலீஸில் இருபத்தொன்பது வருஷம். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம். நிழலில் உட்கார்ந்து கழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இன்று காலை ரோல்காலில் ஆய்வாளர் ஐயா என் பெயரைக் கூப்பிட்டு எஸ்கார்ட் போட்டுவிட்டார். சிறுமியர் சிறப்பு இல்லத்திலிருந்து ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறதாம். ஆறு நாள் தேர்வு மையத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அதுவும் மஃப்டியில்.

"ஐயா, எஸ்கார்ட்னா நான் ராசியில்லாதவ" என்றேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டுக்குக் கூட்டிப்போன ஒரு பெண், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஜன்னல் வழியாக ஓடிவிட்டாள். இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் போனது. ஐயா கேட்கவில்லை. "வயசான பொம்பளையாப் பாத்து அனுப்பச் சொல்லி லெட்டர் வந்திருக்கு" என்றார். வயசானவளாம்! அவர் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவர்.

பிப்ரவரி 28

இல்லத்துக்குப் போய்வந்தேன். கண்காணிப்பாளர் பெயர் தமிழ்க்கொடி. ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. என் ஷூவைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "இத மாத்தணும், ஏட்டம்மா."

பிறகு வரிசையாகச் சொன்னார். காக்கி கூடாது, போலீஸ் வண்டி கூடாது, விலங்கு கூடாது, கைதி என்ற வார்த்தை வாயிலேயே வரக் கூடாது. பிள்ளை என்ன செய்தது என்று கேட்கக் கூடாது. யாராவது கேட்டால் சித்தி என்று சொல்லிக்கொள்ள வேண்டும். "அப்ப நான் போலீஸா இல்லையாம்மா?" என்று கேட்டேன், கொஞ்சம் கடுப்பாகத்தான்.

"இங்க வந்ததுலேருந்து இந்தப் புள்ளைக்கு அப்பன், ஆத்தா ரெண்டுமே கவர்மென்டுதான்" என்றார் அவர். "கவர்மென்டுன்னா கோட்டையில இருக்கறவங்க மட்டுமா? சோறு போடற வரைக்கும் சமையக்காரம்மா கவர்மென்ட். பாடம் சொல்லிக்குடுத்த வரைக்கும் டீச்சர். பரீட்சை அன்னிக்கு நீங்கதான்."

பிள்ளைக்கு மே மாதம் பதினெட்டு முடிகிறது. தேறினால் கல்லூரியில் சேர்த்து, பதினெட்டு தாண்டிய பிள்ளைகளுக்கான பிற்காப்பு விடுதியில் வைத்துப் படிக்கவைக்க இளைஞர் நீதிக் குழுமத்திடம் கேட்கலாம். தேறாவிட்டால், தாய்மாமன் மனுப் போட்டிருக்கிறார், அவரோடு அனுப்ப வேண்டியதுதான். மாமனுக்கு நாற்பது வயது. சம்சாரம் இறந்து ஒரு வருஷம். "வீட்டைப் பாத்துக்க ஆளில்ல" என்று மனுவிலேயே எழுதியிருக்கிறாராம். அதற்குமேல் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

பிள்ளையைப் பார்த்தேன். மெலிந்த பெண். பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுதக் கூடாது என்பது சட்டம். "வணக்கம்" என்று சொல்லிவிட்டு என் ஷூவைத்தான் அதுவும் பார்த்தது.

வீட்டுக்கு வந்து, "இன்னிக்கிலேருந்து நான்தான் கவர்மென்ட். ஒரு காபி போடுங்க" என்றேன். லாரன்ஸ், "கவர்மென்ட் பாத்திரம் கழுவுமா?" என்றார்.

மார்ச் 3

தமிழ்த் தேர்வு.

ஊதாச் சேலை, ரப்பர் செருப்பு. எட்டரைக்கு டவுன் பஸ். பிள்ளை ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கி ரோடு தாண்டும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டில் ஹால் டிக்கெட் காட்டினோம். உள்ளே போகும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. "நல்லா எழுது" என்று சொல்லியிருக்கலாம். "ஒன்னேகாலுக்கு இங்கயே நிக்கணும்" என்றேன்.

பள்ளி வாசலில் பெரிய வாகை மரம். அதன் அடியில் நாற்பது அம்மாக்களாவது இருப்பார்கள். ஜெபமாலை உருட்டுகிறவர்கள், திருநீறு மடித்து வைத்திருப்பவர்கள், கீரை ஆய்கிறவர்கள். நான் அவர்கள் பக்கம் போகவில்லை. கேட்டைப் பார்த்தபடி மூன்றேகால் மணி நேரம் நின்றேன்.

வெளியே வந்தபோது பிள்ளையின் விரலெல்லாம் மை. "எப்படி எழுதுன?" என்றேன். "பதிமூணு பக்கம்" என்றது. பதில் சரியாக எழுதினாயா என்று கேட்டால் பக்கக் கணக்கு சொல்கிறது. என் மகளும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

மார்ச் 4

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. லாரன்ஸுக்குச் சளி.

மார்ச் 6

ஆங்கிலம்.

இன்று மரத்தடிக்கு இழுத்துவிட்டார்கள். கமருன்னிஷா என்று ஒரு அம்மா, பேக்கரி வைத்திருக்கிறார். வாய் ஓயாத மனுஷி. "ஏன்க்கா வெயில்ல நின்னு வேகறீங்க? இங்க வாங்க, உங்களுக்குன்னு தனியா நிழல் வெட்டித் தரணுமா?" என்று சொல்லி, பாயில் நகர்ந்து இடம் விட்டார். ஒரு பன்னையும் கையில் திணித்தார்.

"பொண்ணா, பேத்தியா?"

அடிப்பாவி, பேத்தியா! அந்த ரோஷத்தில் சித்தி என்பது மறந்தே போனது. "பொண்ணு" என்றேன்.

"பேரு?"

"ரோஸ்லின்."

வாயிலிருந்து வந்துவிட்டது. ரோஸ்லின் என் மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், இருபத்தேழு வயது, ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஏதோ ஒரு பெயர் சொல்ல வேண்டும், தெரிந்த பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

பிள்ளையிடம் பஸ்ஸில் சொல்லிவைத்தேன், யாராவது ரோஸ்லின் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார் என்று. "ரோஸ்லின் யாரு?" என்றது. "யாரோ" என்றேன்.

அந்தப் பன் நன்றாக இருந்தது. கமருன்னிஷாவுக்கு நன்றி. காலையில் நான் ஒன்றும் சாப்பிடாததை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

மார்ச் 9

ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து கருவாட்டுக் குழம்பு. ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். வாந்தி குறைந்திருக்கிறதாம். என்ன டூட்டி என்று கேட்டாள். பரீட்சை எழுதும் ஒரு பிள்ளைக்குத் துணையாக ஸ்கூல் வாசலில் நிற்கிறேன் என்றேன்.

"நானும் எழுதுனேன்மா ட்வெல்த். நீ எந்த கேட்லயும் நிக்கல" என்றாள்.

அந்த வருஷம் தேர்தல். தமிழ்த் தேர்வு அன்று மணப்பாறையில் பொதுக்கூட்டப் பந்தோபஸ்து. ஆங்கிலத்துக்கு லால்குடி. கெமிஸ்ட்ரி அன்று ஓட்டுப்பெட்டிக் காவல். எல்லாம் நினைவிருக்கிறது. அதைச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அங்கே சிக்னல் சரியில்லை.

மார்ச் 10

நாளை வரலாறு. ஆய்வாளர் ஐயா இன்று கூப்பிட்டு, "ஜாக்கிரதை பவுலின். இன்னொரு தடவ ஆள் ஓடுச்சுன்னா பென்ஷன்ல கை வெப்பாங்க" என்றார். எந்த எஸ்கார்ட் போனாலும் அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது எங்கள் வழக்கம். இந்தத் தடவை சொல்லாமலே இருந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. போன் போட்டுச் சொன்னேன். "எதுக்கும் ஒரு பார்வை பாத்துக்குங்க சார்" என்றேன். இப்போதுதான் மனசு நிம்மதி.

மார்ச் 11

என் கையில் கொள்ளியை வைக்க.

ஒன்று இருபதுக்குப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜீப் ஒன்று நேராகக் கேட்டுக்கு வந்து நின்றது. காக்கியில் இரண்டு பேர், இரண்டுமே மீசை அரும்பும் வயசு. ஒருவன் இறங்கி நடு வாசலில் நின்று, "எஸ்கார்ட் ஏட்டம்மா யாரு? அக்யூஸ்ட் எந்த ரூம்?" என்று கத்தினான்.

நான் பாயிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் கமருன்னிஷா எழுந்துவிட்டார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் முன்னால் போய், "ஏன் தம்பி, இது பரீட்சை எழுதற எடமா, சந்தைக்கடையா? இங்க அக்யூஸ்டும் இல்ல, கிக்யூஸ்டும் இல்ல. எம்புள்ள பயந்து நாளைக்கு ஜொரத்துல படுத்தா நீ வந்து எழுதுவியா? வண்டிய எடு!" என்றார். இன்னும் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்துகொண்டார்கள். பையன்கள் வெலவெலத்துப் போய் ஜீப்பில் ஏறினார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் செய்தார்கள்.

ஆனால் பிள்ளை கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. இல்லத்து வாசலில் மட்டும், "நான் இனிமே வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

மூன்று தேர்வு முடிந்தது, மூன்று பாக்கி. ஒன்றை விட்டாலும் மே மாதத்துக்குள் தேற முடியாது. மாமன் மனு தயாராக இருக்கிறது. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளையைப் போல யாரையும் கெடுத்ததில்லை.

மார்ச் 12

தமிழ்க்கொடி மேடம் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு வருஷமா கட்டுனத ஒரு போன்ல இடிச்சிட்டீங்களே ஏட்டம்மா" என்றார். வேறு ஆள் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். "ஒரு நாள் மட்டும் குடுங்கம்மா, நான் வந்து பேசறேன்" என்றேன்.

போனேன். கூடத்தில் பிள்ளைகள் கும்பலாகப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் மற்றவர்களை எழுப்பிக் கூட்டிப்போனார். இது மட்டும் தலை நிமிராமல் நறுக்கியது.

இதுவரை நான் எஸ்கார்ட் கூட்டிப்போன யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலி வேறு. "நான்தான் போன் பண்ணுனேன். நீ ஓடிடுவியோன்னு பயம். உம்மேல நம்பிக்கை இல்லாம பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான், மன்னிச்சிரு" என்றேன்.

நறுக்குவதை நிறுத்தி, "நான் அக்யூஸ்டா?" என்று கேட்டது.

"இல்ல."

"அப்ப யாரு?"

சட்டத்தில் இவர்களைக் குறிக்க நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. டூட்டிச் சீட்டில்கூட எழுதியிருந்தது. எனக்கு வாயில் வரவில்லை. "தனித்தேர்வர். ஹால் டிக்கெட்ல அப்படித்தான போட்டிருக்கு?" என்றேன்.

சிரித்துவிட்டது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டது, ஆனால் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

"வர்றேன்" என்றது. "ஆனா நீங்க என் மணிக்கட்டப் புடிக்கக் கூடாது. முன்னாடி நான் தனியா நடப்பேன். நீங்க பின்னாடி வாங்க. மத்தப் புள்ளைங்கள்லாம் அப்படித்தான் வருது."

மணிக்கட்டா? கையைத்தானே பிடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ஆமாம், மணிக்கட்டைத்தான் பிடித்திருக்கிறேன். கைதியைப் பிடிக்கிற பிடி.

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மாதாவே, நீதான் காப்பாற்ற வேண்டும்.

மார்ச் 14

பொருளியல். இன்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பஸ்ஸில் பிள்ளை முன்னால் ஏறியது, நான் பின்னால். பஸ் ஸ்டாண்டில் வண்டி மாற வேண்டும். இறங்கும்போது இரண்டு மூட்டையோடு ஒரு ஆள் வழியை மறித்துக்கொண்டார். தள்ளிக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

மூன்று பிளாட்பாரமும் ஓடினேன். கழிப்பறைக்குள் போய் ஜன்னலைப் பார்த்தேன். கம்பி இருந்தது. டீக்கடைக்காரரிடம், பூக்காரியிடம் கேட்டேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போடலாமா என்று நின்றேன். போட்டால் பத்து நிமிஷத்தில் ஊர் முழுக்க அந்தப் பிள்ளையின் அடையாளம் மைக்கில் போகும். போடாவிட்டால் என் பென்ஷன். மணி ஒன்பது இருபது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்துத் தேர்வு மையத்துக்குப் போகச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேட்டுக்கு வெளியே பிள்ளை நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கோபமாக ஓடிவந்தது. "எங்க போயிட்டீங்க? ஹால் டிக்கெட் உங்க பையில இருக்குல்ல! நீங்க பாட்டுக்குக் காணாமப் போனா நான் எப்படி உள்ள போறது? அடுத்த பஸ்ஸு கெளம்பிட்டிருந்துச்சு, நீங்களும் பின்னாடி ஏறிட்டீங்கன்னு நெனச்சேன்!"

நான் காணாமல் போனேனாம்! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். "நல்லா எழுது" என்றும் சொன்னேன்.

மரத்தடியில் கமருன்னிஷா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூச்சு வாங்கியது. "தப்பா நெனைக்காதீங்கக்கா, நீங்க போலீஸ்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பெத்தவ புள்ளையோட கையப் புடிப்பா. மணிக்கட்டப் புடிக்க மாட்டா. அப்புறம் அந்த நிக்கற நிலை! மூணு மணி நேரம் குச்சி மாதிரி யாருக்கா நிப்பா?"

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"பாதிப் பேருக்குத் தெரியும். ஜீப் வந்த அன்னிக்கு மீதிப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு." அவர் பன்னைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தார். "எங்க புள்ளைங்ககிட்ட, வேற யாரையோ தேடி வந்தாங்கன்னு சொல்லி வெச்சிருக்கோம். உங்க ரோஸ்லின் நிம்மதியா எழுதட்டும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத இந்த மனுஷிகள், யார் பெற்ற பிள்ளைக்காகவோ நாற்பது வாயையும் மூடி வைத்திருக்கிறார்கள். எங்கள் டிபார்ட்மென்டில் நாலு வாயை மூடிவைக்க முடியாது. நன்றி, நன்றி, நன்றி. எத்தனை தடவை எழுதினாலும் போதாது.

மார்ச் 17

பதினொன்றாம் தேதி நடந்தது என் தவறு என்று ஆய்வாளர் ஐயாவிடம் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரியாதே" என்றார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். நல்ல மனுஷர்.

மார்ச் 19

வணிகவியல். நன்றாக எழுதியிருக்கிறதாம். பத்தடி பின்னால் நடந்துபோனேன். பின்னால் இருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, எட்டி எட்டி நடக்கிற பிள்ளை. மணிக்கட்டைப் பிடித்திருந்த நாளெல்லாம் என் நடைக்கு நடந்திருக்கிறது.

மார்ச் 25

கணக்குப்பதிவியல். கடைசித் தேர்வு. வெளியே வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. "ரெண்டு பெரிய கணக்கு டேலி ஆகல" என்றது. எனக்கு டேலி என்றால் என்னவென்று தெரியாது. "எனக்கும் வாழ்க்கையில நெறைய டேலி ஆகல. விடு" என்றேன்.

மரத்தடியில் எல்லோரும் பிரிந்துபோகிற நாள். கமருன்னிஷா பிள்ளையின் தலையில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினார். ஒரு பை நிறைய பிஸ்கட் கொடுத்தார். இல்லத்தில் அதை எண்ணிப் பதிந்துகொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். மனசில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "உம் பேரச் சொல்லித்தான் அந்த கேட்ல நின்னேன். உனக்கு நிக்காதத நெனச்சுத்தான் உம் பேரு வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும், ஒத்துக்கல. டூட்டி டூட்டின்னு உன்னைத் தனியா விட்டுட்டேன்டி."

அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். பிறகு அழுதாள். "எம் பேர வெச்சாவது நின்னியேம்மா" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு பாஸ் பண்ணுனா எனக்குச் சொல்லு" என்றாள். இன்று சிக்னல் நன்றாக இருந்தது. அரை மணி நேரம் பேசினோம்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். ரோஸ்லின் வந்திருக்கிறாள். ஆட்டுக்கறி. டைரி எழுத நேரமில்லை.

மே 8

ரிசல்ட். காலையிலிருந்து லாரன்ஸை போனைத் தொட விடவில்லை. பத்தேமுக்காலுக்குத் தமிழ்க்கொடி மேடம் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"அறுநூறுக்கு முந்நூத்தி எழுபத்தொண்ணு, ஏட்டம்மா. கணக்குப்பதிவியல்ல நாப்பத்தொண்ணு. தப்பிச்சிருச்சு!"

நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். லாரன்ஸ் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரோஸ்லினிடம் சொன்னேன். கமருன்னிஷாவின் பேக்கரிக்கே போய்ச் சொன்னேன். அவர் மகள் நானூற்றுத் தொண்ணூறு. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கேக் வெட்டினோம்.

மே 16

குழுமத்தில் விசாரணை. எனக்கு உள்ளே வேலையில்லை, ஆனால் லீவு போட்டுப் போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். மாமன் வெள்ளை வேட்டியில், ஆப்பிள் பையோடு வந்திருந்தார். "பொட்டப் புள்ளைக்கு இதுக்கு மேல என்னங்க படிப்பு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மேடம் வெளியே வந்து விவரம் சொன்னார். நடுவர் பிள்ளையைத்தான் கேட்டிருக்கிறார், நீ எங்கே போக விரும்புகிறாய் என்று. "காலேஜுக்கு" என்றதாம், ஒரே வார்த்தை. அரசுக் கல்லூரி, பிற்காப்பு விடுதி, இருபத்தொரு வயது வரை செலவு அரசுடையது என்று உத்தரவு. மாமன் ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்ததும் பிள்ளையின் ஃபைலை அழித்துவிடுவார்களாம். நாளைக்குக் கல்லூரியிலோ வேலையிலோ, நீ முன்பு என்ன செய்தாய் என்று யாரும் கேட்க முடியாது. "அழிச்சிடுவாங்களா? முழுசாவா?" என்று இரண்டு தடவை கேட்டேன். நான் சேர்ந்த நாளிலிருந்து பேப்பரைப் பத்திரப்படுத்தத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழிப்பதும் அரசின் வேலைதான் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நல்ல வேலை.

ஜூன் 12

பிள்ளையை விடுதியில் சேர்க்கிற நாள். எஸ்கார்ட் தேவையில்லை, இல்லத்து டீச்சர் போதும். ஆனால் பிள்ளை என்னையும் கேட்டதாம். மேடம் போனில், "டூட்டி இல்ல, உங்க இஷ்டம்" என்றார். இஷ்டம்தான்!

நாலு மணி நேரப் பஸ் பயணம். டீச்சர் முன் சீட்டில் தூங்கிவிட்டார். புது சுடிதார், புது பை. பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை நான் அடைத்துக்கொண்டு உட்காரவில்லை.

பாதி வழியில், "நான் என்ன பண்ணுனேன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கலயே" என்றது.

"கேக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"இப்ப டூட்டி இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப சொல்லட்டுமா? யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. எழுதிக்கிறவங்ககிட்டதான் சொல்லியிருக்கேன்."

சொல் என்றேன். சொன்னது. முதலில் ஜன்னலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து. இடையில் இரண்டு ஊர் வந்துபோனது. நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அதன் கை என் கைக்குள் இருந்தது.

விடுதி வாசலில், "போயிட்டு வரேன் சித்தி" என்றது. சித்தியாக இருக்கச் சொல்லி உத்தரவு போட்டபோது இருக்கத் தெரியவில்லை. இன்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டேன். அழுதுகொண்டே திரும்பினேன், சந்தோஷமாகத்தான்.

லாரன்ஸ் டைரியை எடுத்துக் கொடுத்து, "பஸ்ல என்ன பேசுனீங்க, எழுதிரு" என்றார். இருபத்தொன்பது வருஷம், யார் என்ன சொன்னாலும் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய கை இது.

அந்தப் பிள்ளை சொன்னதை நான் எழுதவில்லை.